வணக்கம், துரைராசா

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு புடவைக் கடையின் மாடியில் சிசிலி பல வருடங்கள் தொலைபேசி நிலையம் நடத்தினார். தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து கொழும்புக்கும் குவைத்துக்கும் பேசியவர்கள் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றாலும் உரத்துத்தான் பேசினார்கள். அதனால் எந்த வீட்டில் கல்யாண வயதில் யார் இருக்கிறார், யாருக்கு யாரோடு பேச்சு முறிந்தது என்பதெல்லாம் சிசிலிக்கு அத்துப்படி. எல்லோர் கையிலும் கைபேசி வந்து கூண்டுகள் காலியானதும் அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே இடத்தில் 'தோரணம் திருமண சேவை' என்று பலகை மாட்டினார்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில் அவருக்கு இணையத்தளம் வைக்கும் ஆசை வந்தது. அதற்கு அனோஜாவைப் பிடித்தார். அனோஜா டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். கண்டியில் இரண்டு வருடம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, அதே மாடியின் பின்னறையில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். ஞாயிறு தேவாலயப் பூசையில் சிசிலிக்கு அடுத்த வாங்குப் பலகையில் உட்காருபவள். மறுக்க வழியில்லை.

தளம் நன்றாகத்தான் வந்தது. பதிந்துகொள்பவர் தன்னைப் பற்றியும், தனக்கு எப்படிப்பட்டவர் வேண்டும் என்பது பற்றியும் எழுத வேண்டும். பிறகு கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போனால், அவருடைய படமும் பெயரும் போட்டு வணக்கம் சொல்லி, பொருத்தமானவர்களைப் புள்ளி வரிசையில் காட்டும். அனோஜா எழுதிய நிரல் ஒவ்வொரு முறையும் எல்லோரையும் எல்லோரோடும் ஒப்பிட்டுப் பார்த்து, அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதி அனுப்பும். அங்கேதான் சிக்கல். ஹட்டனில் அப்போது இணையம் தொலைபேசி வழியாக வந்தது, அதுவும் மழை பெய்யாத வேளைகளில். பார்க்க வந்தவர்கள் பக்கம் திறப்பதற்குள் கீழே போய்ப் பிளேன்டீ குடித்துவிட்டு வந்தார்கள். வந்து பார்த்தால் மணப்பெண்ணின் நெற்றி வரைக்கும்தான் வந்திருக்கும்.

போதாததற்கு சிசிலி இன்னொன்றும் கேட்டார். அதே பக்கம் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மின்னஞ்சலாகப் போக வேண்டும். அச்சடித்துக் கதவிலும் ஒட்ட வேண்டும்.

"ஒருக்கா ஆக்குன கொழம்ப மூணு சட்டியில ஊத்துறதுக்கு என்னா கஷ்டம் புள்ள?"

"ஆக்குறத சட்டியில வைக்காம நேரா எலையிலல்ல ஊத்துது, ஆன்ட்டி. அதான் கஷ்டம்" என்றாள் அனோஜா.

ஆனால் யோசித்தாள். நிரல் ஒரு வரியை எழுதினால் அதை உடனே பார்ப்பவருக்கு அனுப்பிவிடுகிறது, கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் பீலிக் குழாயில் விழும் தண்ணீர் வடிகானில் ஓடிப் போவது மாதிரி. பீலியின் கீழே குடத்தை வைத்துவிட்டால்? எழுதுவதை அனுப்பாமல் பிடித்து வைத்துக்கொள்ள நிரலுக்குச் சொல்லலாம். முழுப் பக்கமும் நிரம்பியதும் அப்படியே எடுத்து ஒரு கோப்பாகச் சேமித்துவிட்டால், அந்தக் கோப்பையே முகப்பில் வைக்கலாம், மின்னஞ்சலில் அனுப்பலாம், அச்சடிக்கலாம். பலநாள் முட்டி மோதி, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அது சரிவந்தது. அனோஜா மகிழ்ச்சியில் பிடித்த பக்கத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. முகப்பில் ஏற்றினாள், பதிந்திருந்த எல்லோருக்கும் அனுப்பினாள், ஒரு பிரதியை அச்சடித்துக் கதவில் ஒட்டினாள், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

அதே பின்னேரம் அந்தக் கம்ப்யூட்டரில் துரைராசா இருந்துவிட்டுப் போயிருந்தார்.

துரைராசா யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். ஹட்டனில் ஒரு பாடசாலையில் பௌதிகம் படிப்பித்தார். நாற்பத்தொரு வயது. ஊரில் அக்கா பெண் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருடம் சண்டையால் ஊருக்குப் போகும் பாதை மூடியதோடு அதுவும் நின்றுபோயிற்று. இனி அக்காவை நம்பிப் பயனில்லை என்று தெரிந்ததும், யாருக்கும் சொல்லாமல் தோரணத்தில் பதிந்தார். புடவைக் கடைக்குப் போகிறவர் போலப் போய், சேலைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பின்படியால் மாடிக்கு ஏறுவார். ஆண்பிள்ளை ஒருவர் தனியாக இவ்வளவு அடிக்கடி சேலை பார்க்க வருவதைப் பற்றிக் கடைக்காரருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. அதை அவர் வெளியே சொல்லவில்லை.

அன்று படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. துரைராசா தளத்திலிருந்து வெளியேறாமலே எழுந்து போய்விட்டார். பிறகு அதே இயந்திரத்தில் அனோஜா உட்கார்ந்து பக்கத்தைப் பிடித்தாள். நிரலைப் பொறுத்தவரை துரைராசா இன்னும் அங்கேதான் இருந்தார். அவருக்காகவே அது எழுதியது.

ஆகவே கனடாவிலிருந்து பக்கத்து டயகம வரை எல்லோருக்கும் போன பக்கத்தின் உச்சியில் துரைராசா கழுத்துப்பட்டியோடு இருந்தார். கீழே 'ஆசிரியர், ஹட்டன்' என்றும் அவருடைய கைபேசி இலக்கமும். பக்கத்தில் பெரிய எழுத்தில் 'வணக்கம், துரைராசா'. நிரல் அவருக்கு வணக்கம் சொல்லியிருந்தது. பார்த்தவர்களுக்கு அவர்தான் வணக்கம் சொல்வது போலிருந்தது. தேர்தல் சுவரொட்டியிலும் நகைக்கடைக் கலண்டரிலும் படம் போட்டு, பேர் போட்டு, வணக்கம் சொல்பவர் யாரோ அவர்தானே முதலாளி.

சனிக்கிழமை காலை துரைராசா சட்டை தோய்த்துக்கொண்டிருந்தபோது முதல் அழைப்பு வந்தது.

"வணக்கங்க ஐயா. டயகமவுல இருந்து செல்லசாமி பேசுறேங்க. மகன் விசயமாங்க."

யாரோ மாணவனின் தகப்பன் என்று நினைத்தார் துரைராசா. "எந்த வகுப்பு?"

"வகுப்பெல்லாம் முடிஞ்சிருச்சுங்க. கொழும்புல கடையில நிக்கிறான். இருபத்தெட்டு வயசு."

"இருபத்தெட்டோ? இனி நான் ஒண்டும் செய்யேலாது, ஐயா. பிந்திப் போச்சு."

"அப்பிடி ஒரேயடியா சொல்லாதீங்க. கொஞ்சம் நெறம் கம்மிதான், ஆனா நல்ல பையன். நீங்க ஒரு பொண்ணு பாத்துக் குடுத்தீங்கன்னா..."

"பொம்பிளையோ? என்னட்டை ஏன் கேக்கிறியள்?"

"நீங்கதானே மனேஜரு. படத்தோட போட்டிருக்கே."

மத்தியானத்துக்குள் இன்னும் பல அழைப்புகள் வந்துவிட்டன. ஒரு பெண்மணி ரொறன்ரோவிலிருந்து எடுத்து, தன் தம்பிக்குச் செவ்வாய் இருக்கிறது என்பதைப் தொலைபேசிச் செலவைப் பற்றிக் கவலைப்படாமல் விளக்கினார். திங்கட்கிழமை துரைராசா ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது பேச்சு நின்றது. உயிரியல் ஆசிரியர் எழுந்து, தன் கதிரையைக் கொடுத்தார்.

"சேர், சொல்லவே இல்லையே. கல்யாண புரோக்கர் வேல எப்ப இருந்து?"

அந்த இடத்தில் துரைராசாவுக்கு இரண்டு வழிகள் இருந்தன. நான் புரோக்கர் இல்லை, பெண் கிடைக்காமல் பதிந்தவன் என்று பதினாறு ஆசிரியர்களுக்கு முன்னால் சொல்லலாம். அல்லது கதிரையில் உட்காரலாம்.

"கொஞ்ச நாளாத்தான்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

அன்று பின்னேரம் சேலை பார்க்காமல் நேரே மாடிக்கு வந்தார். அனோஜாவுக்கு அதற்குள் விஷயம் விளங்கிவிட்டிருந்தது. அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

"என் பிழைதான், சேர். நீங்க உள்ளுக்கு இருக்கீங்கன்னு நெனைக்காம புடிச்சிட்டேன். இப்பவே எடுத்துர்றேன்."

"எடுத்தால் என்ன சொல்லுவினம்?"

"என்னாங்க சேர்?"

"மூண்டு நாளிலை மனேஜரை வேலையாலை கலைச்சுப் போட்டினம் எண்டு சொல்லுவினம். ஏன் கலைச்சது எண்டு கேப்பினம். பொம்பிளைப் பிள்ளையளின்ரை படம் இருக்கிற இடத்திலை ஒரு வாத்தியாரைக் கலைச்சால் சனம் என்ன நினைக்கும்?" அவர் நெற்றியைத் துடைத்தார். "விடும் பிள்ளை. கொஞ்ச நாளைக்கு மனேஜராவே இருக்கிறன்."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சிசிலிக்குக் கோபம் வந்தது. "என்னோட எடத்துல எனக்கே சொல்லாம ஒரு மனேஜரா? நான் யாரு, பியூனா?"

ஆனால் அடுத்த சனிக்கிழமை படியில் வரிசை நின்றது. எல்லோரும் மனேஜரைத்தான் கேட்டார்கள். சிரிக்காத ஒரு வாத்தியார் சொன்னால் பொய் இருக்காது என்று அவர்களுக்கு நம்பிக்கை. சிசிலி அவருக்கு ஜன்னலோர மேசையை ஒதுக்கி, ஒரு பிளாஸ்டிக் ரோஜாவும் வைத்தார்.

பெண்களிடம் நேரம் கேட்கவே தயங்கும் மனிதர், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிட்டார். வாய்மொழிப் பரீட்சை வைப்பது போலக் கேள்வி கேட்டார். செல்லசாமி மனைவியோடு வந்து, தன் மகனுக்கு வெள்ளையாக, உயரமாக, படித்த, ஆனால் அதிகம் பேசாத பெண் வேண்டும் என்றார்.

"இது ஆர் கேக்கிறது? நீங்களோ, மகனோ?"

"அவன்கிட்ட எதுக்குங்க கேக்கணும்?"

"கலியாணம் ஆருக்கு?"

செல்லசாமி மனைவியைப் பார்த்தார். மனைவி ரோஜாவைப் பார்த்தார். துரைராசா தன் கைபேசியை எடுத்து, மகனின் இலக்கத்தைக் கேட்டார். அங்கேயே அழைத்துப் பேசியதில், மகனுக்கு ஏற்கெனவே ஒரு பெண் இருப்பது தெரியவந்தது. அவன் நிற்கும் கடைக்கு மேல்மாடியில் தைக்கிற பெண். ஒரு வருடமாகச் சொல்லப் பயந்திருக்கிறான். வாத்தியார் குரலில் கேட்டதும் எல்லாவற்றையும் கக்கிவிட்டான்.

செல்லசாமி சால்வையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "பொண்ணு எந்த ஊரு?" என்றார்.

"மஸ்கெலியாவாம்."

"மஸ்கெலியாவா." அவர் எழுந்து சால்வையை உதறிப் போட்டுக்கொண்டார். "பக்கந்தான். கேட்டுப் பாப்போம்."

அன்றிலிருந்து டயகமப் பக்கம் துரைராசாவின் புகழ் பரவியது. பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்கள் பிள்ளையின் புள்ளியை விட்டுவிட்டு மூத்த பெண்ணின் சாதகத்தை எடுத்தார்கள். அவரும் பழகிக்கொண்டார். உள்ளுக்குள் ஒரே ஒரு குறை. ஊருக்கெல்லாம் பெண் பார்ப்பவருக்குத் தன் பக்கத்தைத் திறந்து பார்க்க வழியில்லை. சிசிலியும் அனோஜாவும் எப்போதும் அறையில் இருந்தார்கள், வரிசை வேறு.

ஐப்பசி மழை கொட்டிய ஒரு சனிக்கிழமை சரோஜாதேவி வந்தார். ஹட்டனில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கணக்குப் பகுதியில் வேலை. அவரும் யாழ்ப்பாணம்தான். நீளமான மழைக்கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார்.

"மனேஜர் ஆர்?"

சிசிலி கையைக் காட்டினார். துரைராசா எழுந்து நின்றார். பரீட்சை மேற்பார்வையாளர் வந்தால் எழுந்து நிற்பது போல நின்றார். வந்தவரை அவருக்குத் தெரியும். படியில் சத்தம் கேட்ட அந்த வெள்ளிக்கிழமை அவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்த படம் இவருடையது.

"நான் மாப்பிள்ளை பாக்கத்தான் பதிஞ்சனான், மாஸ்டர்" என்றார் சரோஜாதேவி. "கந்தோரிலை ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப எல்லாருக்கும் தெரியும். பியூன் அச்சடிச்சுக் கொண்டுவந்து மேசையிலை வைச்சவன், மிஸ் உங்கட படம் நல்லா இருக்கு எண்டு."

"மன்னிக்கவேணும்" என்றார் துரைராசா.

"பொறுங்கோ, நான் முடிக்கேல்லை. இந்தப் பக்கத்திலை ஒரு மாப்பிள்ளையும் இல்லை. முழுக்கப் பொம்பிளையள். எல்லாரும் முப்பத்தைஞ்சுக்கும் நாப்பதுக்கும் இடையிலை. எல்லாரும் வடக்கு. எல்லாரும் அரசாங்க வேலை. நான் கணக்குப் பாக்கிறவள், எனக்கு இது விளங்காதோ? இது ஆரோ ஒரு ஆளுக்கெண்டு தெரிஞ்செடுத்தது. அந்த ஆள் ஆர்?"

சிசிலி பிளாஸ்டிக் ரோஜாவைத் துடைக்கத் தொடங்கினார். அனோஜா விசைப்பலகையில் எழுத்துக்களைத் தேடினாள். தாளில் இருந்த ஒரே ஆண்பிள்ளை கழுத்துப்பட்டியோடு எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றார் துரைராசா.

"நீங்கள் மனேஜர் எல்லோ?"

"அது பிறகு வந்தது."

அனோஜாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. முழுக்கதையையும் சொன்னாள். நிரல், குடம், வெளியேறாமல் போனது, எல்லாம். சரோஜாதேவி குறுக்கிடாமல் கேட்டார். இறுதியில் தாளைத் தூக்கி ஒருமுறை படித்தார்.

"அப்ப இது இவர் சொன்ன வணக்கம் இல்லை. இவருக்குச் சொன்ன வணக்கம்."

"ஆமாங்க மிஸ்."

"ஆறு கிழமையா ஊருக்குக் கலியாணம் பேசினவர், தான் கலியாணம் பேச வந்தவர்."

"ஓம்" என்றார் துரைராசா.

சரோஜாதேவி சிரிப்பதில்லை என்று முடிவெடுத்து வந்தவர். ஜன்னல் பக்கம் திரும்பி, பஸ் நிலையத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது. திரும்பியபோது முகம் சரியாகிவிட்டிருந்தது.

"ஏன் என்ரை பேர் முதலாவதா இருக்கு?"

"ஒங்களுக்குத்தாங்க மிஸ் புள்ளி கூட" என்றாள் அனோஜா. "அறுபத்தெட்டு."

"நூறுக்கோ?" அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மிச்ச முப்பத்திரண்டும் எங்கை போனது?"

அனோஜா துரைராசாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவருக்கும் அது தெரிய வேண்டியிருந்தது.

"சமையல்ல பத்து. சேர் 'சமைக்கத் தெரியாது'ன்னு போட்டிருக்காரு. நீங்க 'சமைக்க விருப்பமில்லை'ன்னு போட்டிருக்கீங்க."

"ரெண்டும் ஒண்டில்லை" என்றார் துரைராசா. "தெரியாதெண்டால் பழகலாம்."

"ஆர் பழகிறது?" என்று கேட்டார் சரோஜாதேவி.

"நான்தான்."

"அப்ப அந்தப் பத்தையும் போடும், பிள்ளை."

"உயரத்துல எட்டு. மிஸ் ஒரு அங்குலம் கூட."

"ஒண்டரை."

"எனக்கு அதிலை ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார் துரைராசா.

"எனக்கு இருக்கெண்டு ஆர் சொன்னது? அதையும் போடும்."

"மிச்சம் பதினாலு" என்று திரையைப் பார்த்த அனோஜா கொஞ்சம் தயங்கினாள். "சேர் ஊருக்கே திரும்பிப் போகணும்னு போட்டிருக்காரு. மிஸ் ஹட்டன விட்டுப் போகமாட்டேன்னு."

கீழே ஒரு பஸ்காரர் டயகம, டயகம என்று கூவிக்கொண்டிருந்தார்.

"எனக்கு அங்கை இப்ப ஒருத்தரும் இல்லை" என்றார் சரோஜாதேவி.

"எனக்கு அக்கா இருக்கிறா. பாதை திறந்தால் போய்ப் பாக்கவேணும். அங்கையே தங்கிறதோ இல்லையோ எண்டு இப்ப எனக்கும் தெரியாது."

"அப்ப அதைப் பிறகு பாப்பம்."

"அரைவாசிப் புள்ளி குடுக்கலாம்" என்றார் துரைராசா. விடை பிழையானாலும் முறை சரியாக இருந்தால் அவர் கொடுப்பதுதான்.

அனோஜா கூட்டிப் பார்த்து, தொண்ணூற்று மூன்று என்றாள். அதுவரை வாயைத் திறக்காத சிசிலி ரோஜாவைக் கீழே வைத்தார்.

"நான் அம்பத்தஞ்சுக்கே கட்டி வச்சிருக்கேன். அதுங்களும் நல்லாத்தான் இருக்குதுங்க."

"புள்ளி வேறை, கோவம் வேறை" என்றார் சரோஜாதேவி. "இந்தப் பக்கத்தை இண்டைக்கே எடுக்கவேணும். சனம் என்ன கேட்டாலும் கேக்கட்டும்."

"எடும் பிள்ளை" என்றார் துரைராசா. அவர் மனேஜராகச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

அவர் பஸ் நிலையம் வரை கூட வருவதாகச் சொல்லிக் குடையை எடுத்தார். தன்னிடம் மழைக்கோட்டு இருக்கிறது, குடைக்குள் வரத் தேவையில்லை என்றார் சரோஜாதேவி. ஜன்னல் வழியே சிசிலியும் அனோஜாவும் பார்த்தார்கள். ஒருவர் குடையோடும் ஒருவர் கோட்டோடும் நடுவில் நல்ல இடைவெளி விட்டு வீதியைக் கடந்தார்கள். பஸ் நிலையத்தில் நிற்கவில்லை. அதைத் தாண்டி பேக்கரிக்குள் போனார்கள்.

அனோஜா அன்றே நிரலைத் திருத்தினாள். யார் உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும், வணக்கமும் படமும் அவருக்கான வரிசையும் எழுதி முடிந்து, பொதுப் பட்டியல் தொடங்கும்போதுதான் இனிக் குடம் பீலிக்குக் கீழே போகும். ஒரு கிழமை முழுக்க வேறு வேறு ஆட்களாக உள்ளே போய் வந்து சோதித்தாள்.

மனேஜர் எங்கே என்று கேட்டவர்களுக்கு, அவர் கல்யாண வேலையாக இருக்கிறார் என்று சிசிலி சொன்னார். பொய்யில்லை. அவர்கள் பேக்கரியில் பேசி முடிக்க எட்டு மாதம் பிடித்தது. துரைராசா இரண்டு விதமான பருப்புக் கறி பழகினார். அக்கா தொலைபேசியிலேயே சம்மதம் சொல்லி, தொலைபேசியிலேயே அழுதார். ஆவணியில் பிள்ளையார் கோவிலில் கல்யாணம் வைத்தார்கள். சிசிலி மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் நின்றார், அங்கே ஆள் குறைவு என்பதால்.

கல்யாணத்துக்கு முந்திய வாரம் சரோஜாதேவி அனோஜாவுக்குத் தொலைபேசி எடுத்தார். "எங்கட ரெண்டு பேரையும் அதிலையிருந்து எடுத்துவிடும், பிள்ளை. இன்னும் ஆக்கள் எனக்கு எழுதினம்."

அனோஜா சரி என்று வைத்துவிட்டு, திரையைப் பார்த்தாள். பதிவதற்கு வழி இருந்தது. திருத்துவதற்கு, தேடுவதற்கு, புள்ளி பார்ப்பதற்கு எல்லாம் வழி இருந்தது. விலகுவதற்கு ஒன்றும் இல்லை. தளத்தைச் செய்தபோது அப்படி ஒன்று தேவைப்படும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, சிசிலிக்கும் தோன்றவில்லை.

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று உட்கார்ந்து அதை எழுதினாள். காரணம் கேட்க வேண்டும் என்று சிசிலி பக்கத்தில் நின்று அடம்பிடித்தார். கல்யாணம் ஆகிவிட்டது என்று ஒன்று, வேறு இடத்தில் பார்த்துக்கொண்டோம் என்று ஒன்று.

"மனசு மாறிருச்சுன்னு ஒன்னு போடு புள்ள."

"அப்பிடி யாரு ஆன்ட்டி சொல்லுவா?"

"சொல்லமாட்டாங்க. இருந்துட்டுப் போகட்டும்."

அனோஜா மூன்றையும் போட்டாள். பிறகு துரைராசாவின் பெயரைத் தேடி எடுத்து, முதலாவது காரணத்தைத் தெரிவுசெய்து, விசையைத் தட்டினாள். வெளியே தூறல் தொடங்கியிருந்தது. பக்கம் திறக்க வழக்கம் போல நேரமெடுத்தது. சிசிலி தேநீர் போடப் போனார்.